உடைசல் கூடை காலியாக இருந்தபோது

சூப்பர்வைசர் வேலையிலிருந்து நின்ற பிறகு, போன மாதம் நான் நம் முறுக்குக் கம்பெனிப் பக்கம் வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் பிள்ளைகள் நீங்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "இத்தனை வருசம் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டீர்கள். "பயந்து பயந்துதான்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும், அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தோமே என்று கவலை பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மாவு பிசைவதும் எண்ணெய்ச் சூடு பார்ப்பதும் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. நான் சொல்ல வந்தது போனஸ் பற்றி.

போனஸ் கெட்டது என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். போனஸ் வாங்கித்தான் என் மகளை பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தேன். கையில் கூடக் கொஞ்சம் கிடைக்கும் என்று தெரிந்தால் கை வேகமாக ஓடும், அது இயற்கை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அது மட்டும்தான் கிடைக்கும். மற்றது எது கிடைக்காமல் போயிற்று என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான்.

நம் கம்பெனி நிற்கிற இடம் முன்பு கித்தா தோட்டம் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிம்பாங் பூலாய் பக்கம் முழுக்க ரப்பர் மரமாக இருந்த காலத்தில் நானும் கொஞ்ச நாள் பால் வெட்டியிருக்கிறேன். எடைக்குச் சம்பளம் என்றார்கள். சில பேர் வாளியில் தண்ணீரைக் கலந்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். தண்ணீர் நின்றது. அதற்குப் பதிலாக மரத்தை ஆழமாக வெட்ட ஆரம்பித்தார்கள். ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும். மரத்துக்குப் பட்ட காயமோ பல மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போதே எனக்கு இந்தக் கவலை வந்துவிட்டது. ஒரு ஓட்டையை அடைத்தால் மனுசர்கள் இன்னொரு ஓட்டையைப் பார்க்கிறார்கள். கெட்ட மனுசர்கள் இல்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டியவர்கள்.

முறுக்குக் கம்பெனியிலும் அதே கதைதான். முதலாளி ஆரம்பத்தில் எடைக்குப் போனஸ் கொடுத்தார். இரண்டே வாரத்தில் முறுக்கு கனமாகிவிட்டது. எண்ணெய் வடிவதற்கு முன்பே சட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வடியாத எண்ணெயும் எடைதானே. ஒரு முறுக்கைப் பிழிந்தால் சாமி விளக்குக்கு ஆகும் என்று வேன் ஓட்டுகிற மோகன் கிண்டல் செய்வான். முதலாளி கெட்டிக்காரர், சீக்கிரமே அதை நிறுத்திவிட்டார்.

அடுத்ததாகக் கொண்டுவந்ததுதான் உடைசல் போனஸ். நான் சொல்ல வந்த கதையே அதுதான்.

பொரித்து ஆறவைத்த முறுக்கைத் தட்டிலிருந்து எடுத்து, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில் அடுக்குவது பெண்களின் வேலை. மேசை மேசையாக உட்கார்ந்து அடுக்குவார்கள். ஒவ்வொரு மேசைக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடை. உடைந்தது அதில் போகும். சாயங்காலம் எந்த மேசைக் கூடையில் உடைசல் குறைவோ அந்த மேசைக்குக் கூடுதல் காசு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள். முதல் வாரம் நிஜமாகவே நன்றாக வேலை செய்தது. பேச்சுக் குறைந்தது. தட்டை டமால் என்று வைக்கிறவர்கள் பூப்போல வைத்தார்கள். கூடையில் அடி மட்டும்தான் நிறைந்தது.

அதற்கப்புறம் அடியும் நிறையவில்லை.

இது நடந்தது தீபாவளிக்கு முந்தின வாரங்களில். அந்த வருசம் இன்னொரு விசயமும் சேர்ந்துகொண்டது. கிள்ளானில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா நம்மிடம் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். சரக்கு நன்றாக இருந்தால் தீபாவளிக்குப் பிறகும் மாதா மாதம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, "இந்த ஆர்டர் நெலச்சு நின்னுச்சுன்னா சீசனுக்கு மட்டும் வர்றவங்க எல்லாரையும் நிரந்தரமா வச்சுக்குவேன். இபிஎஃப் சேமநிதி, சொக்சோ இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு" என்றார்.

சீசனுக்கு வருகிறவர்களில் புஷ்பா ஒருத்தி. புந்தோங்கில் வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், புருசன் இல்லை. கை வேகம், வாய் அதைவிட வேகம். தீபாவளி முடிந்தால் வீட்டு வேலை, கல்யாணச் சமையல் என்று கிடைத்ததைச் செய்வாள். மலிவு விலை வீட்டுக்கு மனு போடப் போனால் சம்பளச் சிட்டு எங்கே என்று கேட்பார்களாம். "அக்கா, எனக்கு வீடு கெடக்கட்டும். மொதல்ல அந்தச் சிட்டு ஒன்னு கண்ணுல பாக்கணும்லா" என்பாள். முதலாளி நிரந்தரம் என்று சொன்ன அன்றைக்கு அவள் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று.

இதற்கு நடுவில் என் கவலை வேறு பக்கம் போயிருந்தது. ஒரு வாரமாகப் பெண்களுக்கெல்லாம் தொண்டை கட்டியிருந்தது. ஒருத்திக்கு இருமல், ஒருத்திக்குக் குரலே இல்லை. மத்தியானம் கேன்டீனில் சோறு மிஞ்சியது. யாருக்கும் பசியில்லை என்றார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும். மறுபடியும் கோவிட் வந்துவிட்டது, தீபாவளிக்கு முன்னால் கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். மருந்துக் கடைக்குப் போய் எல்லோருக்கும் சோதனைப் பெட்டி வாங்கி வந்தேன். மூக்கில் குச்சியை விட்டு எல்லோருக்கும் பார்த்தாயிற்று. ஒருத்திக்கும் ஒன்றும் இல்லை.

"அக்கா, அடுத்து மாட்டுக்குப் போடற ஊசி வாங்கிட்டு வரப் போறாங்க பாரு" என்றாள் புஷ்பா, தவளைக் குரலில். மேசையெல்லாம் சிரித்தது, அதுவும் தவளைக் குரலில்.

கிள்ளானுக்கு வேன் கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி காலையிலேயே கிள்ளானுக்குப் போய்விட்டார், அந்த அம்மாவோடு பேசி முடிக்க. வேனில் சரக்கு ஏற்றியாயிற்று. ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் கடை மூடுவதற்குள் சேரும். மறுநாள் காலையில் அந்த அம்மா தன் கிளைக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும்.

மத்தியானத் தொழுகை முடிந்து காதர் பாய் வந்தார். முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். வாரா வாரம் நம்மிடம் உடைசல் முறுக்கை மலிவாக வாங்கிப் போவார். தே தாரிக் டீ குடிக்கிறவர்களுக்குச் சின்னத் தட்டில் சும்மா வைப்பார்.

"என்னம்மா தங்கச்சி, இன்னைக்காச்சும் ஏதும் இருக்கா? போன வாரமும் கைய வீசிட்டுப் போனேன்" என்றார்.

"இல்லையே பாய். இப்பல்லாம் ரொம்பக் கவனமா வேலை செய்றாங்க."

"கவனம் சரிலா. நான் இத்தனை வருசமா கிளாஸ் கழுவ ஆள் வச்சிருக்கேன். ஒரு மாசமா கிளாஸே உடையலன்னு ஒருத்தன் சொன்னா, நான் அவனுக்குச் சபாஷ் சொல்ல மாட்டேன். குப்பைத் தொட்டியப் போயிப் பாப்பேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். முறுக்குத் தூள் கூட இல்லை. இருந்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். உள்ளே வந்து தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தேன். நல்ல நிறம், நல்ல வட்டம். லேசாக அழுத்தினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தேன், அது கல் மாதிரி நின்றது. எதை நம்புவது?

வேனில் ஏற்றிய பெட்டிகளிலிருந்து இரண்டு போத்தலை எடுத்தேன். மோகன் சாயங்காலத்தில் சாப்பாடு டெலிவரியும் செய்வான், அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் பெரிய பெட்டி இருக்கும். கேமரன் மலைக்குப் போகிற சாலையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கல் லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகக் கிடக்கும். "இந்த ரெண்டையும் பெட்டியில போட்டுக்கிட்டுக் குவாரி வரைக்கும் போயிட்டு வா" என்றேன்.

"முறுக்குக்கே டெஸ்ட் டிரைவாக்கா? நீங்க பின்னால உக்காந்து மடியில வச்சுக்குங்களேன்."

"கிள்ளான் வரைக்கும் எவ மடியில வச்சுக்கிட்டுப் போவா? பெட்டியில போடு. குழியப் பாத்து ஒதுங்காத."

போனவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், கேமரனுக்குப் போகிற கார்கள் முச்சந்தி வரைக்கும் நின்றன. நான் வாசலுக்கும் வேனுக்கும் நடந்துகொண்டிருந்தேன். விபத்தாகிவிட்டதா, போலீஸ் பிடித்துவிட்டதா, முறுக்குக்காக ஒரு பையனைக் கொன்றுவிட்டோமா என்று ஒவ்வொன்றாக நினைத்து முடித்த பிறகுதான் வந்தான். மணி நாலைத் தாண்டிவிட்டது.

முதல் போத்தலைத் திறந்தோம். வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டாவதைத் திறந்தோம். மோகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, லேபிள மட்டும் மாத்திரலாம். நல்ல மிக்ஸர்" என்றான்.

முதலாளிக்குப் போன் போட்டேன். சொன்னேன்.

"மோகன் ஓட்டுனா இரும்பே உடையும்கா. ஒன்னு உடைஞ்சிருக்கு, ஒன்னு உடையல. அதுக்காக முழு வேனையும் நிப்பாட்டுவீங்களா?"

"எந்தப் போத்தல் உடையும், எது உடையாதுன்னு தெரியலயே தம்பி. தெரியாம அனுப்பப் பயமா இருக்கு."

"ஒங்களுக்கு எதுக்குத்தான் பயம் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "அந்தம்மா எம்பக்கத்துலதான் இருக்காங்க. லேட்டா போனா ஆர்டர் போச்சு. நொறுங்கிப் போனாலும் போச்சு. நெரந்தர வேலைன்னு நான் சொன்னதெல்லாம் அதோட போச்சு. அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கும் ஒன்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பேசாமல் அனுப்பிவிடலாம். உடைந்தால் சாலை மேல் பழி போடலாம். அனுப்பாவிட்டால் என் மேல்தான் பழி. பயந்தவர்களுக்கு அதுதான் சுலபமான வழி. நான் அதைச் செய்யாததற்குத் தைரியம் காரணமில்லை. கிள்ளானில் அந்த அம்மா போத்தலைத் திறந்து பார்க்கிற முகத்தை நினைத்தேன், அது இதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

எது எப்போது உடைய ஆரம்பித்தது என்று தெரிந்துவிட்டால் போதும். மூடியில் நாள் அச்சடித்திருக்கிறது, பிரித்துவிடலாம். மோகனை மறுபடியும் சாலைக்கு அனுப்ப நேரமில்லை. எந்த நாளிலிருந்து உடைகிறது என்று தெரிந்தவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் மட்டும்தான். அவர்களிடம் போய் நேராகக் கேட்டேன்.

"இந்த வாரம் எவ்வளவு உடைஞ்சுச்சு? உள்ளதச் சொல்லுங்க."

"உடையலக்கா."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"கூடையப் பாருங்களேன். காலி."

ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புஷ்பா போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே இறுகிவிட்ட மூடி. சுவரில், கம்பெனிச் சரக்கை எடுத்தாலோ சாப்பிட்டாலோ வேலை நீக்கம் என்று நாமே எழுதி மாட்டியிருந்த பலகை அவர்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. வாங்கிய போனஸ், வரப்போகிற நிரந்தரம், இரண்டும் அவர்கள் வாயைக் கட்டியிருந்தன. உண்மையைச் சொன்னால் எல்லாம் போகும். பொய் சொன்னால் ஒருவேளை போகாமலும் இருக்கலாம். நானாக இருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

அவர்கள் பேசப் பேச அந்தக் குரல்கள் என் காதில் விழுந்தன. கரகரவென்று, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. குப்பைத் தொட்டியில் இல்லாத முறுக்கு எங்கே போயிற்று என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வேறு மாதிரி கேட்டேன்.

"சரி, அத விடுங்க. ஒங்களுக்கெல்லாம் தொண்டை எந்தக் கெழமையிலேர்ந்து கட்டிச்சு?"

அதற்கு யாருக்கும் பயமில்லை. "எனக்கு வெசாழக்கெழம." "எனக்கு அதுக்கு முந்தின நாளே. போன வாரம் புதன்." "எனக்கும் புதன்தாங்க்கா, சாயங்காலம் இருமல் ஆரம்பிச்சிருச்சு." மூன்று மேசையும் புதன், வியாழன் என்று சொல்லிக்கொண்டே வந்தது. அதற்கு முன்னால் ஒருத்திக்கும் தொண்டை வலி இல்லை.

புஷ்பா மட்டும் சொல்லவில்லை. மூடியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்க தொண்டையக் கேக்கல."

இங்கே நான் என்ன சொல்கிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது. அதட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். போனஸ் திரும்பக் கேட்க மாட்டோம், வேலை போகாது என்று சத்தியம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாத சத்தியத்தைச் செய்யாதீர்கள், பிள்ளைகளே. ஒரு தடவை பொய்யாகிவிட்டால் அப்புறம் உங்கள் வாய்க்கு மதிப்பே இல்லை.

"ஆமா, கேக்கல" என்றேன். "புதன்கெழமைக்கு முந்தினது நல்ல சரக்கு, பிந்தினது நொறுங்குற சரக்குன்னு எனக்கு இப்ப தெரிஞ்சுபோச்சு. அது போதும். யாரு தின்னா, எவ்வளவு தின்னான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். ஆனா நான் நெனச்சது தப்புன்னா, நல்லதையும் கெட்டதையும் மாத்திப் பிரிச்சிருவேன். அப்ப எல்லாருக்கும் சேத்துத்தான் நட்டம். சரியா தப்பா, அத மட்டும் சொல்லுங்க."

புஷ்பா சுவரிலிருந்த பலகையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சரிதாங்க்கா. புதன்தான். புது மாவு மூட்டை வந்துச்சில்ல, அன்னையிலேர்ந்து கையில எடுத்தாலே உடையுது. மொதல்ல ஒன்னு ரெண்டுதான், வாயில போட்டுக்கிட்டோம். அப்புறம் தட்டுக்குக் கால்வாசி உடையுது. எவ்வளவுதான்க்கா திங்கிறது? டிபன் கேரியர்ல தாப்பாவ் பண்ணிக் கொண்டுபோனோம். எம்மக 'முறுக்குன்னு சொல்லாதம்மா, வாந்தி வருது'ங்கறா."

பக்கத்திலிருந்தவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுல கோழிக்கே போட்டேன். இப்ப அதும் கொக்கரக்கோன்னு கூவ மாட்டேங்குது, கர்ருங்குது."

அவ்வளவுதான். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். தொண்டை கட்டியவர்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று சொல்லவே முடியாது. கழிவறையில் உட்கார்ந்து தின்றவள், ஏப்ரன் பையில் போட்டு மறந்து துவைத்தவள், மாமியாருக்கு "கம்பெனியிலேர்ந்து அன்பளிப்பு" என்று கொடுத்துவிட்டு அவர் பல் வலியென்று படுத்ததைச் சொன்னவள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முதலாளிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, புதன்கெழமைக்கு முந்தினத மட்டும் அனுப்புறேன். அது முக்கால்வாசிக்கு மேல இருக்கு. மீதி நாளைக்குச் செஞ்சு ஞாயித்துக்கெழம வரும்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. உள்ளதச் சொல்லுங்க."

"புதன்னு யாருக்கா சொன்னா?"

"யாரு சொன்னான்னு இப்ப கேட்டீங்கன்னா, அடுத்த தடவ எங்கிட்ட ஒருத்தரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

அவர் போனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் விசயத்தைச் சொன்னார். அந்த அம்மா ஏதோ பதில் சொல்வது கேட்டது. பிறகு, "சரி, பிரிங்க" என்றார்.

மேசைகளெல்லாம் வெளியே ஓடின. மூடியைப் பார்த்துப் பார்த்து இறக்கி, ஏற்றி, மோகன் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியைக் கிளப்பிவிட்டான். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாவு பிசைகிற அண்ணனிடம் போனேன். அவர் பாவம், ஆடிப்போய்விட்டார். புது மாவு அதிகத் தண்ணீர் குடிக்கும் போலிருக்கிறது, தொட்டுப் பார்த்தபோதே சந்தேகம் இருந்ததாம். "பேக்கிங்குல உடைஞ்சா நீங்கதான் ஓடி வந்து சத்தம் போடுவீங்களேக்கா. யாரும் வரல. சரி, நல்லாத்தான் இருக்கு போலன்னு அதே அளவுலேயே விட்டுட்டேன்."

அவர் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூடை நிறைந்தால் நான் ஓடுவேன், நான் ஓடினால் அவர் தண்ணீரைக் கூட்டுவார். வருசக் கணக்காக அப்படித்தான் நடந்தது, நாங்களே அறியாமல். நாம் காசு கொடுத்து அந்தக் கூடையைக் காலி பண்ணிவிட்டோம். உடைவதை நிறுத்தவில்லை, உடைந்த சேதியைத்தான் நிறுத்தினோம்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மாவில் தண்ணீர் கூட்டியாயிற்று. நல்ல முறுக்கு. நொறுங்கின சரக்கு முழுக்கக் காதர் பாய்க்குப் போனது. மூட்டையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கம்பெனி ஒழுங்கா நடக்குது" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை மோகன் கிள்ளானில் இறக்கியபோது அந்த அம்மா ஒரு போத்தலை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாராம், தேங்காய் வாங்குகிற மாதிரி. ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப் போகச் சொன்னாராம்.

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். இனி உடைசலுக்குப் போனஸ் கிடையாது, கூடை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் காசில் கை வைக்க மாட்டேன் என்றார். கடைக்குப் போன சரக்கு நொறுங்காமல் இருந்தால் மாதக் கடைசியில் பிசைகிறவர், பொரிக்கிறவர், அடுக்குகிறவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கலாம் என்று நாங்கள் பேசி முடித்தோம். ஏதாவது சரியில்லை என்று யாராவது சொல்லி மெஷினை நிறுத்தினால், நின்ற நேரத்துக்கும் சம்பளம் உண்டு. உடைந்த முறுக்கைச் சாப்பிட்டது பற்றி அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் தேன் கலந்த சுடுதண்ணீர் கொடுக்கச் சொல்லி கேன்டீனுக்குச் சொல்லியிருந்தார், அதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப ஒங்களுக்கும் அதே போனஸ்தானேக்கா?" என்றார்.

"எனக்கு வேணாம் தம்பி. சம்பளத்துல சேத்துக் குடுக்க முடிஞ்சா குடுங்க. நல்லா இருக்குன்னு சொன்னா எனக்குக் காசுன்னு வச்சீங்கன்னா, என் பயம் தூங்கிரும்."

"பயத்துக்குத்தான் சம்பளமா?"

"வேற என்னத்த நான் தெரிஞ்சு வச்சிருக்கேன்?"

சிரித்துவிட்டுச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார். நாங்கள் பேசி முடித்த அந்தப் போனஸ் முறைதான் இன்றைக்கும் உங்களிடம் நடக்கிறது. அதிலும் எங்கேயாவது ஓட்டை இருக்கும். நான் இருந்த வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தேன். இனி நீங்கள் தேடுங்கள்.

அந்த அம்மா மாதா மாதம் எடுக்க ஒத்துக்கொண்டார். சீசன் பெண்கள் நிரந்தரமானார்கள். அவர்கள் நிரந்தரமான முதல் வாரத்திலேயே கிள்ளான் அம்மா கம்பெனியைப் பார்க்க வந்தார். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இது பிழிகிற மெஷின், இது பொரிக்கிற இடம் என்று காட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே போனேன், தரையில் எண்ணெய் இருந்து அந்த அம்மா வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு.

அப்போது புஷ்பா எழுந்து வந்தாள். கையில் கூடை. அரைக் கூடைக்கு மேல் உடைசல். நேராக வந்து, கிள்ளான் அம்மாவுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றாள்.

"முதலாளி, இந்தப் பெசையல் சரியில்ல. நிப்பாட்டணும்."

முதலாளியின் முகத்தில் ரத்தம் ஏறியது. யார் முன்னால் வந்து என்ன காட்டுகிறாய் என்று கேட்கிற முகம். நான் அவரையே பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னால் போதும், இந்தக் கூடத்தில் இனி ஒரு கூடையும் நிறையாது. கிள்ளான் அம்மா கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். தூளானது. வாயில் போட்டுக்கொண்டார்.

"ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா அந்தப் பொண்ணு சொல்றது சரி."

முதலாளியே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மெஷின் இரைச்சல் அடங்கியது. பிசைகிற அண்ணன் ஓடி வந்தார்.

புஷ்பா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு வேலை இருக்குல்ல?"

"இதாம்லா ஒன் வேலை" என்றேன்.